திருமறை ஓதும் வாய்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்புச் சகோதர சகோதரிகளே! நம் உறுப்புகளில் வாய்க்குள்ள சிறப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கலிமாவை மொழிவது வாய். தொழுகையில் ஃபாத்திஹா ஓதுவது வாய். ஸலவாத்துச் சொல்வதும், சகோதரனுக்கு ஸலாம் கூறுவதும், நள்ளிரவில் ரப்பிடம் கையேந்தித் துஆக் கேட்பதும் இந்த வாயினால்தான். நம் வீடுகளில் குர்ஆன் ஷரீஃபுக்கு உறையிட்டு, உயர்ந்த இடத்தில் வைத்து, தூசி தட்டி, ஒளுவுடன் தொடுகிறோம். அல்ஹம்து லில்லாஹ்! அந்தத் திருமறையின் சொற்கள் புறப்பட்டு வரும் வாயை எவ்வாறு வைத்திருக்கிறோம்?

நம் வாய்கள் குர்ஆன் நடந்து வரும் வழிகள் என்றும், ஆகவே அவற்றை மிஸ்வாக்கினால் துப்புரவாக்க வேண்டும் என்றும் ஹஸ்ரத் அலி (ரலி) அவர்கள் கூறிய கருத்து இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. விருந்தாளி வரும் வழியில் குப்பையைக் கொட்டி வைப்பார் உண்டா? வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற நாம், வாயென்னும் வாசலை மட்டும் மறந்துவிடலாமா?

நாயகம் காட்டிய நேரங்கள்

மிஸ்வாக்கின் சிறப்பை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்புகிறவர்கள் ஜம்ஜம் தண்ணீரோடும் பேரீச்சம்பழத்தோடும் மிஸ்வாக் குச்சிகளையும் கொண்டு வந்து உறவினருக்குக் கொடுக்கிறார்கள். நாமும் முத்தமிட்டு வாங்குகிறோம். பிறகு அது அலமாரியில் உறங்குகிறது. அல்லது சட்டைப் பையில் வெள்ளிக்கிழமை மட்டும் எட்டிப் பார்க்கிறது. குச்சியைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். அதைக் கையில் எடுக்க வேண்டிய நேரங்களை விட்டுவிட்டோம்.

அந்த நேரங்கள் எவை? ஹதீஸ்களைப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் தொழுகைக்காக எழுந்தால் மிஸ்வாக்கினால் வாயைத் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் முதல் காரியமாக மிஸ்வாக் செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பது முஸ்லிமில் உள்ளது. தம் உம்மத்தினருக்குச் சிரமமாகிவிடுமே என்று எண்ணியிராவிட்டால், ஒவ்வொரு தொழுகையின் போதும் மிஸ்வாக் செய்யும்படி கட்டளையே இட்டிருப்பார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள செய்தி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பள்ளிவாசலுக்குப் போகும்போது வாயைச் சுத்தம் செய்வதை நாம் எளிதில் விளங்கிக்கொள்கிறோம். வீட்டுக்குள் வரும்போதும் அவர்கள் அதைச் செய்தார்கள். மனைவி மக்களிடம் பேச வருகிறவரின் வாயும் மணமாக இருக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. வெளியே நண்பர்களைச் சந்திக்கப் புறப்படும்போது ஏலக்காய் மென்று, அத்தர் பூசிச் செல்லும் ஆண்கள் இதைச் சிந்திக்கட்டும்!

நாவையும் அவர்கள் விடவில்லை. அபூமூஸா அல் அஷ்அரி (ரலி) அவர்கள் வந்தபோது மிஸ்வாக் நாயகத்தின் நாவின் மீது இருந்தது. ஓங்கரிக்கும்போது எழும் ஒலி போல ஓர் ஒலி கேட்டது என்று அறிவிக்கிறார்கள். நாவின் அடிப்பகுதி வரை சுத்தம் செய்ததால் எழுந்த ஒலி அது. வாய் நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் நாவின் பின்பகுதியில் படியும் அழுக்குத்தான் என்று இன்றைய பல் மருத்துவம் கூறுகிறது.

அவர்களின் இறுதி வேளையை எண்ணும்போது உள்ளம் உருகுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மார்பில் சாய்ந்திருக்கிறார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அபீபக்ர் (ரலி) கையில் மிஸ்வாக்குடன் உள்ளே வருகிறார். நாயகத்தின் பார்வை அதன் மீது படிகிறது. அன்னையவர்கள் குறிப்பறிந்து, அதை வாங்கி, மென்று மென்மையாக்கிக் கொடுக்க, நாயகம் (ஸல்) அவர்கள் பல் துலக்கினார்கள். மவுத்தின் வேதனை சூழ்ந்த அந்த நேரத்திலும் ரப்பைச் சந்திக்கச் செல்லும் வாயைத் துப்புரவாக்கிக்கொண்டார்கள். தலைவலி வந்தால் அன்றைக்குப் பல் துலக்குவதையே விட்டுவிடுகிற நாம் எங்கே!

அந்த நேரங்களின் ஹிக்மத்

நாம் உண்ட உணவின் நுண்ணிய துணுக்குகளும் வாயில் வாழும் கிருமிகளும் சேர்ந்து பற்களின் மீது கண்ணுக்குப் புலப்படாத பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. நாவால் தடவிப் பார்த்தால் வழவழப்பாகத் தெரியும். இனிப்புச் சாப்பிட்டால் அந்தக் கிருமிகள் அதைப் புளிக்கச் செய்து அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. குழி விழுந்த எனாமல் எலும்பைப் போலத் திரும்ப வளர்வதில்லை. படலத்தை நாள்தோறும் அகற்றாவிட்டால் அது காரையாக இறுகிவிடும். இறுகிய காரையைக் குச்சியாலோ பிரஷ்ஷாலோ எடுக்க முடியாது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

இதற்கெதிராக அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் காவலாளி உமிழ்நீர். அது வாயை ஓயாமல் கழுவுகிறது; அமிலத்தை முறிக்கிறது. ஆனால் நாம் உறங்கும்போது உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப்பின் வாயைச் சுத்தம் செய்யாமல் படுப்பவர், காவலாளி இல்லாத வீட்டைத் திறந்து போட்டுவிட்டு உறங்குகிறவர். நம்மில் பலர் காலையில் ஒருமுறை பல் துலக்குவதோடு கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். படுக்குமுன் துலக்குவதே மிக முக்கியமானது. காலையில் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம். இதுவே பல் மருத்துவர்கள் கூறும் குறைந்த அளவு. ஐவேளை ஒளுவில் மும்மூன்று முறை வாய் கொப்பளிக்கும் சமுதாயத்துக்கு இதுவா கடினம்?

ஒளுவின்போது அவசரமாக வாயை நனைத்துத் துப்பிவிடுகிறோமே, அதைச் சற்று நிதானமாகச் செய்யுங்கள். தண்ணீரை இரு கன்னங்களுக்கும் சுழற்றிக் கொப்பளியுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பால் அருந்தியபின், அதில் கொழுப்பு இருக்கிறது என்று காரணம் கூறி வாய் கொப்பளித்தார்கள். கைபர் பயணத்தில் மாவுணவு உண்டபின் வாய் கொப்பளித்துவிட்டுத் தொழுதார்கள். உண்டபின் கொப்பளிப்பதும் ஸுன்னத்தாக நம்மிடம் இருக்கிறது.

குச்சியா, பிரஷ்ஷா?

இதைக் குறித்துச் சில ஊர்களில் வாக்குவாதம் நடக்கிறது. பிரஷ் பிடிப்பவரைப் பார்த்து ஸுன்னத்தை விட்டவர் என்பாரும் உளர். மிஸ்வாக் பிடிப்பவரைப் பார்த்துப் பழமைவாதி என்பாரும் உளர். இருவரும் ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பார்க்கவில்லை. அழுக்கை நீக்கக்கூடிய சொரசொரப்பான, சுத்தமான எந்தப் பொருளால் துலக்கினாலும் ஸுன்னத்தின் அடிப்படை நிறைவேறும். அராக் குச்சி அவற்றுள் சிறந்தது என்பது ஷாஃபிஈ இமாம்களின் தீர்ப்பு. ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், குச்சி ஈறைக் காயப்படுத்துமளவுக்கு உலர்ந்ததாகவும் இருக்கலாகாது, அழுக்கை நீக்க முடியாத அளவுக்கு ஈரமானதாகவும் இருக்கலாகாது என்று கூறியிருக்கிறார்கள். ஈறிலிருந்து இரத்தம் வராமல் துலக்க வேண்டும் என்பதிலும் அவர்கள் கவனம் செலுத்தினார்கள். பல்லைப் பேணிய அளவுக்கு ஈறையும் பேணச் சொன்ன அந்த அறிவை என்னென்பது!

அராக் குச்சியில் கிருமிகளை அடக்கும் சத்துகள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதன் நுனியில் அரை அங்குலம் தோலைச் சீவி, மென்று, நார் பிரிந்தபின் துலக்க வேண்டும். பழைய நாரை நாள்தோறும் வெட்டிவிட வேண்டும். ஆயினும் நேரான குச்சி கடைவாய்ப் பற்களின் உட்புறத்துக்கு எளிதில் எட்டுவதில்லை. மேலும் பற்பசையிலுள்ள ஃப்ளோரைடு எனாமலுக்கு உறுதி தருகிறது. ஆகவே தொழுகை நேரங்களில் மிஸ்வாக்கும், காலையிலும் படுக்குமுன்னும் மென்மையான பிரஷ்ஷும் ஃப்ளோரைடு பற்பசையும் என்று வைத்துக்கொண்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். பிரஷ்ஷை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். செங்கல் பொடி, சாம்பல், கரித்தூள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அவை பல்லை வெண்மையாக்குவது போலத் தோன்றி எனாமலைத் தேய்த்துவிடுகின்றன.

இன்னொரு நுணுக்கம்: படுக்குமுன் பற்பசையால் துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு, நிறையத் தண்ணீரால் கொப்பளிக்காமல் இருந்தால் ஃப்ளோரைடு பல்லில் தங்கி வேலை செய்யும். ஒளுவுடன் உறங்க விரும்புகிறவர்கள் முதலில் ஒளுச் செய்துவிட்டுப் பிறகு பல் துலக்கலாம். துலக்குவதால் ஒளு முறியாது.

ஈறில் வரும் இரத்தம்

துலக்கும்போது ஈறில் இரத்தம் கண்டால் பலர் என்ன செய்கிறார்கள்? அந்த இடத்தில் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். இது தவறு. பெரும்பாலும் அங்கே படலம் தங்கி ஈறு வீங்கியிருப்பதன் அடையாளமே அந்த இரத்தம். மென்மையாகத் தொடர்ந்து சுத்தம் செய்தால் தொடக்க நிலையிலுள்ள வீக்கம் சில நாட்களில் அடங்கும். இரண்டு வாரம் ஆகியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத நல்ல பல்லும் ஆடி விழுந்துவிடும். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஈறு எளிதில் வீங்கும். அவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும் ஈறு நோய்க்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஒன்று மற்றதை வளர்க்கும். நம் வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

இது உடம்பைப் பற்றிய பேச்சு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். வாயிலிருந்து வரும் இரத்தம் உமிழ்நீரை மிகைத்தால் ஒளு முறியும் என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒளு முறியாது; ஆனால் அசுத்தமான அந்த இரத்தத்தைக் கழுவ வேண்டும். நோன்பாளி அதை வேண்டுமென்றே விழுங்கினால் நோன்பே கெடும். ஈறைக் கவனியாதவர் தம் தொழுகையிலும் நோன்பிலும் சந்தேகத்தை விலைக்கு வாங்குகிறார்.

ரமளானில் நாம்

நோன்பாளியின் வாயிலிருந்து எழும் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியைவிட மணமானது என்ற ஹதீஸைக் கேட்டு, சிலர் ரமளான் முழுவதும் பல் துலக்காமலே இருந்துவிடுகிறார்கள். உண்ணாமையால் எழும் வாடையே அங்கே சிறப்பிக்கப்பட்டது. ஸஹரில் உண்ட இறைச்சித் துணுக்கு பல்லிடுக்கில் அழுகி எழும் நாற்றத்துக்கு அந்தச் சிறப்பு எவ்வாறு பொருந்தும்? நோன்பின்போது நாயகம் (ஸல்) அவர்கள் மிஸ்வாக் செய்ததைக் கண்டதாக ஆமிர் இப்னு ரபீஆ (ரலி) அறிவிப்பது திர்மிதீயில் உள்ளது. ஹனஃபி மத்ஹபில் பகல் முழுவதும் மிஸ்வாக் செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் உச்சி சாய்ந்தபின் செய்வது மக்ரூஹ். அதற்கு முன்பு செய்வதை அவர்களும் தடுக்கவில்லை.

ஆகவே ஸஹர் உண்டபின், சுப்ஹு பாங்குக்கு முன்பே பற்பசையால் நன்கு துலக்கிவிடுங்கள். பகலில் வாய் வறண்டிருக்கும். பல்லிடுக்கில் உணவு தங்கினால் சேதம் அதிகம். நோன்பு திறந்தபின் சர்பத், ஜிலேபி, டீ என்று நள்ளிரவு வரை சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே இருக்கும் பழக்கத்தையும் குறையுங்கள். எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை இனிப்பு என்பதும் பல்லுக்கு முக்கியம். சேர்க்கும் சர்க்கரையை நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஏறத்தாழ 6 டீஸ்பூனுக்குள் வைத்துக்கொண்டால் மேலும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவுறுத்தியது. இரண்டு ஸ்பூன் போட்டு மூன்று டீ குடித்தால் கணக்கு முடிந்துவிடுகிறதே!

வெற்றிலைப் பெட்டி

பூண்டும் வெங்காயமும் பச்சையாகத் தின்று பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மனிதர்களுக்குத் தொல்லை தருவது மலக்குகளுக்கும் தொல்லை தரும் என்று காரணமும் கூறினார்கள். பூண்டு ஹலாலான உணவு. ஹலாலான உணவின் வாடைக்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், வாசலில் பீடியை அணைத்துவிட்டு ஸஃப்பில் வந்து நிற்பவரின் நிலை என்ன? பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்ப முடியாமல் தவிக்கிறாரே, அவருடைய ஹக்குக்கு யார் பதில் சொல்வது?

புகையிலை வாய்ப்புற்றுக்கு இட்டுச் செல்லும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெறும் பாக்கு குற்றமற்றது என்று பலர் நினைக்கிறார்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. பாக்கு மெல்பவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயைத் திறப்பதே சிரமமாகிவிடுகிறது. புகையிலை கலந்த பற்பொடியையும் பற்பசையையும் இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. அப்படியிருந்தும் சில வீடுகளில் பெண்கள் புகையிலைப் பொடியால் பல் தேய்க்கும் பழக்கத்தை விடவில்லை. வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

பால் பற்கள் 20. விழப்போகிற பல்தானே என்று பெற்றோர் அலட்சியம் செய்கிறார்கள். ஏறத்தாழ 6 வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால் பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிட்டால் அப்பல்லுக்கு மாற்றுப் பல் கிடையாது. முதல் பல் முளைத்ததுமே துலக்கத் தொடங்குங்கள். 3 வயது வரை அரிசி மணியளவு பற்பசையும், பிறகு 6 வயது வரை பட்டாணி அளவும் போதும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்க வைக்காதீர்கள். ஏழு, எட்டு வயது வரை உம்மாவோ வாப்பாவோ பக்கத்தில் நின்று துலக்கிவிட வேண்டும். தொழுகையை ஏழு வயதில் ஏவச் சொன்ன மார்க்கம் இது. தொழுகைக்கு முந்திய மிஸ்வாக்கையும் அந்த வயதிலேயே கையில் கொடுங்கள்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்குத் தெரியும்: நுனி நாக்கு மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டால்தான் ‘ஸே’, புள்ளியுள்ள ‘தால்’, புள்ளியுள்ள ‘ளோய்’ ஆகிய எழுத்துகள் அவற்றின் மக்ரஜில் பிறக்கும். மேல் முன்பற்கள் கீழுதட்டின் உட்புறத்தைத் தொட்டால்தான் ‘ஃபே’ பிறக்கும். பல் போனால் அந்த எழுத்துகளும் தடுமாறுகின்றன. நாற்பது ஆண்டு அழகாக ஓதிய பெரியவர் பற்களை இழந்து ஃபாத்திஹாவின் எழுத்துகளுக்குத் திணறுவதை நம் ஊர்களில் காண்கிறோம். அல்லாஹ் மன்னிப்பவன், இயலாதவரை அவன் பிடிப்பதில்லை. ஆனால் பேண முடிந்த காலத்தில் பேணாமல் விட்டதற்கு நாம் என்ன காரணம் சொல்வோம்? உடம்புக்கும் நம் மீது ஹக்கு உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்களே!

வாய் நோய்களால் உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவித்தது. இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக் கூடியவை. அதற்குச் சில நிமிடங்களும் சிறிது கவனமும் போதும்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இன்றிரவே தொடங்குங்கள். சாப்பிட்டு முடித்துப் படுக்குமுன் குடும்பத்தோடு பல் துலக்குங்கள். சுப்ஹுக்கு எழுந்ததும் துலக்குங்கள். அலமாரியிலுள்ள அந்த மிஸ்வாக்கை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, ஒளுச் செய்யும் இடத்தில் வையுங்கள். வேலையிலிருந்து வீடு திரும்பும் ஆண்கள் மனைவி மக்களுக்கு ஸலாம் சொல்லுமுன் அதை ஒருமுறை கையில் எடுங்கள். மிஸ்வாக் வாய்க்குத் தூய்மையையும் ரப்பின் பொருத்தத்தையும் ஒருங்கே பெற்றுத் தரும் என்று அன்னை ஆயிஷா (ரலி) வாயிலாக நமக்கு நற்செய்தி வந்திருக்கிறது. இவ்வளவு எளிய செயலுக்கு இவ்வளவு பெரிய கூலி வேறெங்கே கிடைக்கும்?

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை உன் திக்ரினால் நனைந்தவையாகவும், எங்கள் வாய்களை உன் திருமறைக்குத் தகுந்த தூய வழிகளாகவும் ஆக்கியருள்வாயாக! எங்கள் இறுதி மூச்சைக் கலிமாவுடன் பிரியச் செய்வாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!